தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பார் அப்பா. அப்படியானால் நாய், யானை எல்லாம் ஏன் தூங்குகின்றன?

தாம்வே இட்லிக்கடை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் தாம்வே பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டு முன்கூடத்தில் 4 மேசை, 12 பிளாஸ்டிக் முக்காலி. காலை ஐந்தரைக்குத் திறந்தால் பத்து மணிக்குள் பாத்திரம் காலி. வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், பாதிப் பேர் பர்மியர்கள். அவர்கள் வாயில் தோசை 'தோஷே' ஆகிவிடும். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறை வைத்து வருகிறது. ஒரு நாள் ராத்திரி 9 மணியிலிருந்து 1 மணி வரை, மறுநாள் 1 மணியிலிருந்து 5 மணி வரை. ஒன்பது மணி முறை என்றால் கவலை இல்லை. அரைத்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் மாவு பொங்கி நிற்கும். ஒரு மணி முறைதான் ஆளைக் கொல்கிறது. தெருமுனையில் எவனாவது ஒரு பொடியன் "மீ லாபீ!" என்று கத்துவான். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உடனே தெருவே எழுந்துகொள்ளும். மாடியில் தண்ணீர் மோட்டார் உறுமும். பக்கத்து வீட்டில் சோற்றுக் குக்கர். எதிர்வீட்டில் அந்த நேரத்தில் துணிக்கு இஸ்திரி போடுவார்கள். எங்கள் வீட்டில் கிரைண்டர். உளுந்து இந்த மண்ணில் விளைந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகிறது. அதை இங்கேயே அரைக்க நான் கரண்டுக்குக் காத்துக் கிடக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

அரைத்து முடிக்க இரண்டே கால் ஆகும். சீக்கிரம் புளிக்கட்டும் என்று பழைய மாவு இரண்டு கரண்டி கலந்து, அடுப்போரம் வைத்துவிட்டுப் படுப்பேன். 4 மணிக்குத் திரும்ப எழுந்திருக்க வேண்டும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடுகிறது.

போன வியாழக்கிழமை மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். முதல் தட்டு இட்லி சாப்பிட்டவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் மட்டும் மூன்று டம்ளர் குடித்துவிட்டு எழுந்து போனார். மரியாதைக்காரர். அப்புறம்தான் நான் வாயில் வைத்துப் பார்த்தேன். அதே வாரம் ஒருத்தர் பாக்கியை இன்னொருத்தர் பெயரில் எழுதி, அவர் சண்டைக்கு வந்தார். அதுகூடப் பரவாயில்லை. பதினைந்து வருஷமாக வருகிற ஒரு பெரியவருடைய பெயர் வாயில் வரவில்லை. 'ஐயா, ஐயா' என்றே பேசிச் சமாளித்து அனுப்பினேன். எனக்கு வயது 47.

எங்கள் அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றியவர். நாங்கள் கொஞ்சம் அசந்தால் போர்வையை இழுத்து, "தூங்கினவன் கன்று கடாக்கன்று" என்பார். இரண்டு பேர் மாடும் ஒரே ராத்திரியில் கன்று போட்டதாம். விழித்திருந்தவன் தன் கடாக்கன்றைத் தூங்குகிறவன் பக்கம் தள்ளிவிட்டு அவனுடைய கிடாரியை எடுத்துக்கொண்டானாம். இதைக் கேட்டு வளர்ந்ததால் தூங்குவது என்றாலே ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரிதான் எனக்கு. ஆனால் அப்பாவின் மாடுகளும்தானே தூங்கின?

எங்கள் கடை நாய் கருப்பன், கரண்ட் வந்தாலும் போனாலும் மேசைக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். தூக்கத்தில் நாலு காலும் ஓடும். வாயைத் திறக்காமலே 'வுப் வுப்' என்று குரைப்பான். அவனுக்கு என்ன கணக்கு வழக்கு இருக்கிறது? எதற்கு அவ்வளவு தூக்கம்? நான் தூங்கினால் வியாபாரம் போகும். காட்டில் மான் தூங்கினால் உயிரே போகும். அப்படியிருந்தும் எல்லாம் தூங்குகின்றனவே, ஏன்? மூளைக்கு அதில் என்ன கிடைக்கிறது? இரண்டு துண்டாகத் தூங்கினால் கணக்கில் சேருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "டென்ஷன் ஆகாதீர்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம், அதை மனைவி சொல்லிவிட்டாள்.

நைட் டியூட்டி சிஸ்டர்:

அண்ணே, வணக்கம். நான் பதினொரு வருஷமாக நர்ஸ். மாதத்தில் பாதி நாள் ராத்திரி வேலை. உங்கள் உப்புக் கதை எனக்குப் புதிதில்லை. காலையில் வீட்டுக்குப் போய்ச் சாவியை மீன் கிண்ணத்தோடு சேர்த்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடியவள் நான்.

முதலில் அந்த உப்பு. அதை மறதி நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முன்பாதிச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். ஆழத்தில் கிடப்பவரைச் சட்டென்று எழுப்பினால் உடம்பு எழுந்து நடக்கும், மூளை முழுதாக எழ அரை மணி நேரம்கூட ஆகலாம். அதிலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, யோசித்து முடிவெடுக்கிற பகுதிதான் கடைசியாக எழும். நீங்கள் எழுந்த கையோடு உப்பு டப்பாவைத் திறக்கிறீர்கள். போட்டோமா இல்லையா என்று குறித்து வைக்க வேண்டிய ஆள் இன்னும் படுக்கையில் இருக்கிறார். எங்கள் வார்டில் சில மருந்துகளை இரண்டு பேர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

பெயர் மறந்தது வேறு கணக்கு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை வேலை செய்யச் செய்ய, அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கினால்தான் குறையும். கரண்ட் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கிற காபிமிக்ஸ் மீட்டரை நிறுத்துவதில்லை, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுகிறது. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே போன காஃபீன் பாதியாகவே 5 மணி நேரம் போல ஆகும். இரண்டு மணிக்கு ஒரு பாக்கெட் கலக்கிக் குடிப்பவராக இருந்தால் (இருப்பீர்கள், எனக்குத் தெரியும்), அதற்குப் பிறகு 4 மணி வரை படுத்ததில் பாதிக்கு மேல் தண்டம்.

இன்னொன்று. 1997-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறினவருடையதைப் போல இருந்தன. அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பல நாடுகளில் பிடித்துக்கொள்வார்கள். எங்களை யாரும் பிடிப்பதில்லை, ஊசியைக் கையில் கொடுக்கிறார்கள்.

மூளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். 2013-இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேன் நெடர்கார்ட் என்ற அம்மாவின் குழு சுண்டெலிகளை வைத்துப் பார்த்தது. எலி தூங்கியதும் மூளையில் செல்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 60 சதவீதம் போல விரிந்தது. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அந்தச் சந்துகளுக்குள் புகுந்து ஓடியது. பீட்டா அமிலாய்டு என்கிற கழிவுப் புரதம் விழித்திருக்கும்போது வெளியேறியதைவிட இரண்டு மடங்கு வேகமாக வெளியேறியது. அல்சைமர் வந்தவர்களின் மூளையில் கட்டிக் கட்டியாகச் சேர்ந்திருப்பது இதே புரதம்தான்.

துண்டுத் தூக்கம் பற்றி: 9 மணிக்கே படுத்து 1 மணிக்கு எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பறிபோவது பின்பாதிக் கனவுத் தூக்கம். பதினொன்றுக்குப் படுத்து ஒன்றுக்கு எழுந்தால் இரண்டும் போச்சு. நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

டாங்கூ பெரியவர்:

தம்பி, மூளை விஷயம் சிஸ்டர் சொல்லட்டும். மிருகம் பற்றி நான் சொல்கிறேன். இருபது வயதில் டாங்கூவுக்கு மேற்கே, பெகு யோமா காட்டில் தேக்கு வெட்டுகிற முகாமில் கணக்கு எழுதினேன். மரம் இழுக்க யானைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊஸி, அதாவது பாகன். காட்டு வேலை மத்தியானத்தோடு முடியும். யானையைக் குளிப்பாட்டி, முன்னங்கால் இரண்டையும் தளர்வாகச் சங்கிலியில் பிணைத்து, கழுத்தில் மரமணி கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அந்த மணிக்குக் கலோக் என்று பெயர். ஊஸி தன் கையாலேயே குடைந்து செய்வான், ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு வராது. ராத்திரி பூராவும் அது மேய்கிற சத்தம் 'டொக் டொக்' என்று கேட்டபடி இருக்கும். விடியற்காலம் இரண்டு மூன்று மணிவாக்கில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. "படுத்துவிட்டது" என்பான் ஊஸி, அவனும் புரண்டு படுப்பான். காலையில் சத்தத்தையும் தடத்தையும் வைத்துத் தேடிப் போனால், புல் நசுங்கி ஒரு பெரிய பள்ளமும், பக்கத்தில் தும்பிக்கை கிடந்த கோடும் இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் குறைவாகத்தான் எடைபோட்டிருந்தேன். பிறகு படித்தேன். 2017-இல் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் சோபே காட்டில் இரண்டு பெண் யானைகளின் தும்பிக்கையில் அசைவை அளக்கும் சிறு கருவியைப் பொருத்தி 35 நாள் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சராசரி 2 மணி நேரத் தூக்கம். அதுவும் பெரும்பாலும் நின்றபடி. மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் படுத்தது. ஏதோ தொந்தரவு வந்த நாளில் 46 மணி நேரம் தூங்காமலே நடந்திருக்கிறது. கூண்டிலும் கொட்டிலிலும் வளர்கிற யானை இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தூங்குகிறது. வயிறு பெரிது, தீனி தேட நேரம் வேண்டும், பயமும் உண்டு. அதனால் காட்டில் குறைத்துக்கொள்கிறது. குறைக்கிறதே தவிர விடவில்லை, அதைக் கவனியுங்கள்.

வாத்தைப் பாருங்கள். நாங்கள் சின்ன வயதில் வயல் ஓரம் வாத்து வளர்த்தோம். வரிசையாகத் தூங்கும்போது ஓரத்து வாத்து மட்டும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். எங்கள் ஆயா அதைக் 'காவல் வாத்து' என்பாள். 1999-இல் அமெரிக்காவில் மூளைக்குக் கம்பி வைத்து அளந்தே பார்த்துவிட்டார்கள். வெளிப்பக்கம் பார்க்கிற கண் திறந்திருக்கிறது, அந்தக் கண்ணுக்குரிய மூளைப் பாதி விழித்திருக்கிறது, மற்ற பாதி தூங்குகிறது. ஆயாவுக்குப் பள்ளிக்கூடமே தெரியாது.

இனி டால்பின். மாந்தலேக்கு வடக்கே ஐராவதி ஆற்றில் லின்பைங், அதாவது ஆற்று டால்பின், இருக்கிறது அல்லவா? மீன்பிடிக்கிறவன் படகு விளிம்பில் குச்சியால் தட்டினால் அது வந்து மீனை வலைப்பக்கம் ஓட்டிக்கொடுக்கும். 2005-இல் அந்த ஆற்றுத் துண்டைப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். டால்பின் நம்மைப்போல நினைவில்லாமல் மூச்சுவிடாது, மேலே வந்து நினைத்துத்தான் மூச்சு வாங்க வேண்டும். அசந்து தூங்கினால் மூழ்கிச் சாகும். அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது இன்னொரு பாதி விழித்திருக்கும், பிறகு மாறிக்கொள்ளும். கடல் டால்பின்களை வைத்து ரஷ்யர்கள் 1970-களிலேயே இதைக் கண்டார்கள்.

தம்பி, இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தூக்கம் வேண்டாத சாமான் என்றால் முதலில் தூக்கி எறிந்திருக்க வேண்டியது டால்பின்தான். அது எறியவில்லை. மூளையை இரண்டாகப் பிரித்து முறை வைத்துத் தூங்குகிறது, உங்கள் தெருக் கரண்ட் மாதிரி. கடலில் பறக்கிற கப்பற்பறவை என்று ஒன்று. கலாபகோஸ் தீவுப் பக்கம் 2016-இல் பார்த்தார்கள். பத்து நாள் வரை தரையிறங்காமல் பறக்கிற அது, பறந்துகொண்டே ஒரு நாளைக்கு 42 நிமிஷம் தூங்குகிறது. கூட்டுக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கு மேல். அன்டார்க்டிகாவில் ஒருவகைப் பென்குவின் முட்டையைக் காத்துக்கொண்டே நாலு நாலு வினாடியாகத் தூங்குகிறது. அப்படி ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல், கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரம். உங்கள் இரண்டு துண்டெல்லாம் அதன் முன்னால் எம்மாத்திரம்? ஆனால் அது பென்குவின். நீங்களும் நானும் அப்படிப் பிறக்கவில்லை.

தாம்வே இட்லிக்கடை:

பெரியவரே, கும்பிடுகிறேன். யானை 2 மணி நேரம்தான் தூங்குகிறது என்றதும் சந்தோஷமாக மனைவியிடம் காட்டினேன். "யானை பதினெட்டு மணி நேரம் தின்னுமாம், நீங்க நின்னுக்கிட்டே ரெண்டு வாய் தின்னுட்டு ஓடுறீங்க" என்றாள். அத்தோடு யானை வழக்கு தள்ளுபடி.

சிஸ்டர் கேட்டதற்கு: பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன். ஒரு மணிக்கு எப்படியும் எழுந்திருக்க வேண்டும், எதற்குப் படுக்க வேண்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காபிமிக்ஸ் இரண்டு பாக்கெட்.

ஆனால் நீங்கள் சொன்ன கழுவுகிற கதை எனக்கு உடனே பிடிபட்டது. பத்து மணிக்குக் கடை மூடியதும் முக்காலிகளை மேசை மேல் கவிழ்த்து, தண்ணீர் அடித்து, துடைப்பத்தால் வெளியே தள்ளுவோம். முக்காலி தரையில் இருக்கும்வரை தண்ணீர் மூலைக்குப் போகாது. ஆள் சாப்பிடும்போது தண்ணீரே ஊற்ற முடியாது. மூளையும் முக்காலியைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது போல. மூன்று நாள் மூடாமல் கடை நடத்தினால் தரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேங்காய்ச் சட்னி வேறு.

சரி, என்னை விடுங்கள். என் பெண்ணுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை. சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை மனப்பாடம் செய்கிறாள். தூங்கு என்றால், "தூங்கினவன் கன்று கடாக்கன்று, தாத்தா சொன்னது" என்கிறாள். சொல்லிக்கொடுத்தது நான்தான். இப்போது என்ன சொல்ல?

மோல்மேன் டீச்சர்:

தம்பி, முப்பத்திரண்டு வருஷம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன். இன்று ராத்திரியே பெண்ணின் விளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இப்போதும் சனி, ஞாயிறு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பர்மியம், பள்ளியில் பர்மியம், ஆகையால் ஒரு பாட்டு மனதில் ஏறுவது பெரும்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு தடவை பாடவைத்து அனுப்பினால் திக்கித் திக்கிப் போவார்கள். மறுநாள் காலையில் வந்து அவர்களே கடகடவென்று சொல்வார்கள். நடுவில் படித்தாயா என்றால், இல்லை. எங்கே நடந்தது அந்த வேலை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

1994-இல் அரிசோனாவில் இரண்டு பேர் எலியின் மூளையில் மெல்லிய கம்பிகளை வைத்து, அது தீனி தேடி ஓடும்போது எந்தெந்தச் செல்கள் சேர்ந்து துடிக்கின்றன என்று குறித்தார்கள். பிறகு எலி தூங்கியது. அப்போது அதே செல்கள் மறுபடி சேர்ந்து துடித்தன. ஓடிய பாதையை எலி தூக்கத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. புதிதாகக் கற்றதை முதலில் வாங்கி வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது நாள்பட்ட நினைவுக்கு இடம் மாறுகிறது. நம் ஊர்க் கடைகளில் கூண்டில் விற்கிற வரிக்குருவி தெரியுமா, சீப்ரா ஃபின்ச்? அதுவும் பகலில் பாடிய பாட்டின் மூளைத் துடிப்பைத் தூக்கத்தில் மறுபடி எழுப்புவதாக 2000-இல் சிகாகோவில் பார்த்திருக்கிறார்கள். ஆகையால் உங்கள் பெண் ராத்திரி பத்து வரை படித்துவிட்டுத் தூங்கினால், மிச்சப் படிப்பைத் தூக்கம் படிக்கும். இரண்டு மணி வரை படித்தால் படித்ததை ஏற்றி வைக்க ஆள் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பகல் முழுக்கப் பார்த்ததும் கேட்டதும் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளைப் பருக்கவைத்துவிடுகின்றன. இப்படியே பருத்துக்கொண்டு போனால் மூளையில் புதிதாக எதையும் எழுத இடம் இருக்காது. 2017-இல் விஸ்கான்சினில் சுண்டெலி மூளையைச் சீவிச் சீவி மின்நுண்ணோக்கியில் அளந்தார்கள். தூங்கி எழுந்த எலியின் இணைப்புகள் சராசரி 18 சதவீதம் சிறுத்திருந்தன. மிகப் பெரியவை மட்டும் அப்படியே நின்றன. ஆக, வேண்டியதை வைத்து வேண்டாததை அழிப்பதும் தூக்கம்தான். கரும்பலகையைத் துடைக்காமல் எழுதிக்கொண்டே போன வாத்தியார் ஒருவரிடம் நான் படித்திருக்கிறேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

கருப்பன் ஓடுவதற்கும் காரணம் உண்டு. கனவுத் தூக்கத்தில் கண் இமைக்குள் உருளும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் கிளைட்மன் என்ற பேராசிரியரும் அதை எழுதினார்கள். அசெரின்ஸ்கி தன் சின்னப் பையனைத்தான் முதலில் படுக்கவைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடும், இல்லையென்றால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே ஓடுவான். பிரான்சில் ஜூவே என்பவர் பூனைகளுக்கு அந்தப் பூட்டை எடுத்துவிட்டார். அவை தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலி மேல் பாய்ந்தன. கருப்பனின் பூட்டில் கொஞ்சம் இடைவெளி, அதனால்தான் அந்த 'வுப் வுப்'.

மூளைக்காகத்தான் தூக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று. 2017-இல் கலிஃபோர்னியாவில், தலைகீழாகக் கிடக்கிற ஒரு ஜெல்லிமீனைக் கவனித்தார்கள். பகலில் நிமிஷத்துக்கு 58 தடவை துடிக்கிறது, ராத்திரியில் 39. ராத்திரி தண்ணீர் பீய்ச்சித் தூங்கவிடாமல் செய்தால் மறுநாள் சோர்ந்து கிடக்கிறது. ஜெல்லிமீனுக்கு மூளையே கிடையாது.

சிரியம் பையன்:

டீச்சர் கடைசியில் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சிஸ்டர் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கழுவுகிற கதை முடிந்த கதை இல்லை. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சுண்டெலி மூளைக்குள் ஒரு சாயத்தை விட்டுப் பார்த்தார்கள். தூங்கும்போதும் மயக்கத்திலும் சாயம் வெளியேறுவது குறைந்தது, கூடவில்லை. அளந்த முறையே தப்பு என்று நெடர்கார்ட் பக்கத்தில் மறுக்கிறார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இட்லிக்கடை அண்ணன் முக்காலியைக் கவிழ்த்தது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அழகாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாதே.

இன்னொன்று. 1980-களில் சிகாகோவில் எலிகளைத் தூங்கவே விடாமல் வைத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் செத்தன. எதனால் என்று ரொம்ப நாள் பிடிபடவில்லை. 2020-இல் ஹார்வர்டில் பழ ஈக்களையும் எலிகளையும் பார்த்தபோது, தூக்கம் கெட்டதில் நஞ்சு மாதிரியான ஆக்சிஜன் பொருள்கள் சேர்ந்த இடம் மூளை இல்லை, குடல்! அதை முறிக்கிற மருந்து கொடுத்தால் ஈ தூங்காமலே ஏறக்குறைய முழு ஆயுசும் வாழ்ந்தது. ஆக தூக்கத்துக்கு ஒரே ஒரு காரணம் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஊருக்கே ஒரு கரண்ட், அதில் ஒருத்தர் மாவு அரைக்கிறார், ஒருத்தர் இஸ்திரி போடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நைட் டியூட்டி சிஸ்டர்:

கோபமெல்லாம் இல்லை தம்பி. கழிவு எப்போது வெளியேறுகிறது என்பதில் சண்டை இருக்கலாம். தூங்காதவன் மறுநாள் தடுமாறுவதில் சண்டை இல்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

அண்ணே, செய்ய வேண்டியது: உப்பைப் படுக்கும் முன்பே அளந்து சின்னப் பையில் கட்டி மாவு அண்டாவுக்குள் வையுங்கள். பை காலியாக இருந்தால் போட்டாச்சு. சாயங்காலத்துக்கு மேல் காபிமிக்ஸ் வேண்டாம். மத்தியானம் கடை கழுவியதும் இருபது நிமிஷம் கண் மூடுங்கள், அதற்கு மேல் போனால் எழும்போது திரும்பவும் உப்புக் கதைதான். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று அண்ணியிடம் கேளுங்கள். அது இருந்தால் எவ்வளவு நேரம் படுத்தும் பயனில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கியும் பெயர்கள் மறந்தால் அப்போதும் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

தாம்வே இட்லிக்கடை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு மணி முறையில் அரைக்கிற இட்லி மாவுதான். ஆகவே அந்த நாள்களில் இட்லி, தோசை இரண்டையும் நிறுத்திவிட்டேன். பலகையில் தமிழிலும் பர்மியத்திலும் 'இன்று பூரி, உப்புமா' என்று எழுதித் தொங்கவிடுகிறேன். சட்னியை மனைவி அம்மியில் அரைக்கிறாள். முதல் வாரம் வாடிக்கைக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஒரு பர்மியக் கிழவி, "தோஷே இல்லாமல் என்ன இந்தியக் கடை?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பூரி நாள்களில் வரவு கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்லமாட்டேன். எண்ணெய் விற்கிற விலைக்குப் பூரியில் மிஞ்சுவதும் குறைவு. கிழவி மட்டும் மூன்றாம் வாரம் திரும்ப வந்து உருளைக்கிழங்கு இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

அந்த ராத்திரிகளில் 9 மணிக்குக் காதில் பஞ்சு வைத்துப் படுத்தால் 4 மணிக்குத்தான் எழுகிறேன். குறட்டை உண்டாம், மூச்சு நிற்பதில்லையாம். பெண் பதினொன்று வரை என்று பேரம் பேசி, பத்தரைக்கு இறங்கி வந்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர் வந்தார். தட்டை வைக்கும்போது, நினைக்காமலே அவர் பெயர் வாயில் வந்துவிட்டது. "என்னப்பா, இன்றைக்குப் பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறாய், கடன் ஏதாவது வேண்டுமா?" என்றார்.

மற்றபடி தண்ணீர் பிடிக்க ஒரு முறை நான் எழுந்தால் அடுத்த முறை மனைவி எழுவது என்று பிரித்துக்கொண்டோம். நேற்று அவள் முறை. "மீ லாபீ" சத்தம் கேட்டதும் கருப்பன் எழுந்து போய், ஓடாத கிரைண்டரை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, நான் படுத்திருந்த பாயோரம் வந்து கொஞ்ச நேரம் நின்றானாம். நான் பார்க்கவில்லை.